நெய்வேலி என்று கூப்பிட்டோம்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி ஒரு பூவின் படத்தைப் போட்டிருந்தாள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் ஓர் ஏரிக்கரையில் காரை நிறுத்தி எடுத்தாளாம். வெளிர் கத்தரிப்பூ நிறம், குழாய் போல விரிந்த வாய், அடித்தொண்டையில் மட்டும் கொஞ்சம் அழுத்தமான நிறம். "என்ன அழகு! இதன் பேர் என்னடி?" என்று கேட்டிருந்தாள். ரேடியோப் பூ என்று ஒருத்தி எழுதினாள். ஏரியைக் கெடுத்த சனியன் என்று இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும் வழக்கம்போல மூட்டுவலித் தைலத்துக்குப் போய்விட்டீர்கள். நான் பதில் எழுத ஆரம்பித்து, கட்டைவிரல் வலியெடுத்து, பாதியில் விட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது நோட்டில் எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள், மற்றவர்கள் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பேர் நெய்வேலிக் காட்டாமணக்கு. நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாது என்றால் நம்பமாட்டேன். கார் வாங்கியதும் மறந்துபோச்சு என்றால் நம்புவேன்.

அந்தப் பேரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆமணக்கு நமக்குத் தெரியும், கொட்டைமுத்துச் செடி. அதன் எண்ணெயை மூக்கைப் பிடித்து நம் வாயில் ஊற்றியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காட்டாமணக்கு அதற்குத் தூரத்துச் சொந்தம். வரப்போரம் நிற்கும், காம்பை ஒடித்தால் பால் வடியும், ஊதினால் குமிழி பறக்கும். இந்தச் செடிக்கோ அந்த இரண்டோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூவைப் பார்த்தாலே தெரியும், இது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் வகையறா. காட்டிலும் முளைப்பதில்லை. ஏரி, குட்டை, வாய்க்கால் என்று தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் அதன் இடம். சரி, நெய்வேலியிலாவது பிறந்ததா என்றால் அதுவும் கிடையாது. கடல் தாண்டி எங்கிருந்தோ வந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நெய்வேலிப் பக்கம் அதை முதலில் பார்த்த யாரோ ஒருவர் நம் ஊருக்கு வந்து சொல்லியிருப்பார். சொன்னவரை மறந்துவிட்டு ஊரை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தியைப் பிடித்துவைத்திருந்தோம். என் சித்தி. அப்பாவின் தம்பி பெண்டாட்டி.

எங்கள் தெருவில் வாழவந்த பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. பிறந்த ஊர்தான் பேர். என் அம்மா 'சிறுவாச்சூரு'. எதிர்வீட்டில் இருந்தவர் 'கல்லங்குறிச்சி'. காலையில் குழாயடியில் நின்றால் சுற்றுவட்டாரத்து பஸ் போர்டு அத்தனையும் காதில் விழும். அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பேர் உண்டு என்பதே, என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. ஏதோ புதுச் சேலையைப் பார்ப்பதுபோல அன்றைக்கு முழுவதும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தியின் ஊர் நெய்வேலி இல்லை. அதைத் தாண்டி, வடலூரையும் தாண்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தரகர் "நெய்வேலிப் பக்கம்" என்றுதான் சொன்னார். கல்யாணமான வாரத்திலேயே 'பக்கம்' உதிர்ந்துபோய் வெறும் 'நெய்வேலி' ஆகிவிட்டாள். "எங்கூரு அது இல்லீங்க அண்ணி" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணுதான், தண்ணிய எடுத்தா" என்றாள் என் அத்தை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகிப் போய், திரும்பி வந்து, தாய் இல்லாத இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவள். அவள் சொன்னால் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. தம்பிகளுக்கு அக்கா, எனக்கு அத்தை, வாழவந்தவர்களுக்கு அண்ணி. பிள்ளை குட்டி இல்லை. ஆட்டுப்பட்டிதான் அவளுடைய ராஜ்ஜியம். ஆடுகளிடம் பேசும்போது மட்டும் அவள் குரல் இறங்கிக் குழையும். அந்தக் குரலை எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு அப்போதே குறை உண்டு.

நான் ஐந்தாவது முடித்த வருஷம் அது. முந்தின மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அந்த வெடிப்புக்கு நடுவே பச்சையாக நின்றது நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும்தான். ஊரே கருகும்போது அது மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக்கொண்டு நின்றது எல்லாருக்கும் எரிச்சலாக இருந்தது. திட்டிக்கொண்டே அதை வெட்டி வந்து உபயோகித்தோம். அடுப்புக்கு அதுதான், புகை கண்ணைக் கரிக்கும். அவரைப் பந்தலுக்குக் கால் அதுதான். வேலிக்கும் அதுதான், ஏனென்றால் ஆடு மாடு அதைத் தொடாது. அடங்காத பிள்ளையைத் திட்டவும் அதன் பேர்தான் உதவியது. "வெட்டிப் போட்டாலும் தழைக்கிற ஜென்மம்" என்பார்கள்.

அத்தை மாசியில் ஒரு கட்டு வெட்டி வந்து ஆட்டுப்பட்டியைச் சுற்றி நெருக்கமாக ஊன்றினாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். குச்சிகள் வேர் பிடித்துத் தழைத்துவிட்டன. ஊரில் எங்கும் பசுமை இல்லாத சித்திரையில் எங்கள் ஆட்டுப்பட்டி வேலி மட்டும் தளதளவென்று நின்றது. அத்தைக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பட்டியில் ஒரு கறுப்புக் கிடா இருந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்தால் அடுத்த திருவிழாவில் கிடா வெட்டுவதாக வேண்டுதல். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் சின்ன வெண்கல மணி. அது நடந்தால் கிண்கிண் என்று கேட்கும். அந்த மணி பின்னால் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் தேடாத பரண் இல்லை.

சித்தப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இருக்கும்போதும் அக்காவுக்கு எதிரில் வாய் திறக்கமாட்டார். சித்திக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை நான்தான். அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. மத்தியானத்தில் இருவரும் வரப்புக்குப் போய் நிஜமான காட்டாமணக்கின் காம்பை ஒடித்துக் குமிழி ஊதுவோம். குமிழி உடைந்தால் சித்தி என்னைவிடச் சின்னப்பெண் மாதிரி "போச்சு" என்பாள். மற்ற நேரத்தில் ஒயர் கூடை பின்னுவாள். ஊதாவும் வெள்ளையும் கலந்து ஒரு கூடை ஆரம்பித்திருந்தாள். "இது யாருக்கு சித்தி?" என்று கேட்டேன். "ஒங்க அத்தைக்கு. சந்தைக்குப் போறப்ப மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டுப் போவுது பாரு" என்றாள்.

ஆனி பிறந்ததும் கிடாவுக்கு உடம்பு கெட்டது. தலை தானாக ஆடியது. நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது. மணி சத்தம் தாறுமாறாகக் கேட்கும். அத்தை மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள், சாம்பிராணி காட்டினாள், திருஷ்டி சுற்றினாள். கிடா எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டே போனது.

முதலில் கண்டுபிடித்தவள் சித்தி. தண்ணீர் ஊற்றப் போகிற இடமல்லவா, தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது சொன்னாள்.

"அண்ணி, கிடா அந்த வேலித் தழையத் திங்குதுங்க. வேப்பந்தழைய வெச்சா மோந்துகூடப் பாக்கல."

"எந்தத் தழைய?"

"நெய்வேலிக் காட்டாமணக்குங்க."

அத்தை சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "ஆடு திங்காத செடின்னுதான்டி ஊரே அத வேலிக்கு வெக்கிது. எங்க பாட்டன் காலத்துலேருந்து ஆடு வளக்குறோம். நேத்து வந்த நெய்வேலி எனக்குச் சொல்லிக் குடுக்குது."

"பசிக்கு எதையும் திங்கும்ல அண்ணி…"

"அப்ப நான் ஆட்டப் பட்டினி போடுறேங்கிற?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெரியவர்கள் எத்தனை விதமாக வாயை மூடிக்கொள்வார்கள் என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு சாயங்காலத்தில்தான்.

அதற்குப் பிறகு அத்தையின் பேச்சு மாறியது. சாமிக்கு விட்ட கிடா சாகக் கிடக்கிறது என்றால் வேண்டுதலைச் சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். வேண்டுதல் எதற்கு? கல்யாணத்துக்கு. கல்யாணத்தில் வந்தது யார்? "இவ வந்த நேரம்" என்று குழாயடியில் ஆரம்பித்தாள். "பேரப் பாரேன், அந்தச் செடியும் அங்கேருந்துதான், இவளும் அங்கேருந்துதான். வூட்டுக்குள்ள வுட்டா வெளங்குமா?" தெரு முழுக்க அதையே பேசியது. செடியும் அங்கே பிறக்கவில்லை, சித்தியும் அங்கே பிறக்கவில்லை என்று சொல்ல ஒரு நாதி இல்லை. எனக்கும் தெரியாது. தெரிந்த சித்தியோ ஒரு தடவை சொல்லி வாயடைக்கப்பட்டவள்.

ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள், உங்களுக்குத் தெரியும். ஆவணி பிறந்ததும் புகுந்த வீட்டார் போய் அழைத்து வரவேண்டும். பெண்ணாகக் கிளம்பி வரக்கூடாது. அழைக்காத வீட்டுக்கு வந்தவள் என்ற சொல் ஆயுசுக்கும் நிற்கும். சித்தியின் அப்பா சீர்த்தட்டோடு வந்தார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பும்போது அவர் கையைக் கூப்பி, "ஆவணி பொறந்ததும் வருவீங்கல்ல?" என்று கேட்டார்.

"அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்றாள் அத்தை.

அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. சித்தி பாதி பின்னிய கூடையை உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். தெருமுனையில் திரும்பும்போது என்னைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் குமிழி ஊதுகிற மாதிரி செய்தாள். நான் அழுதேன். சித்தி இனி வருவாளா, மாட்டாளா என்பது மட்டும்தான் அந்த ஆடி முழுக்க எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆவணியும் பிறந்தது. சித்தப்பா லாரியிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஆணியில் தொங்கிய கூடையைப் பார்ப்பார், மறுபடி லாரிக்குப் போவார். "போயி அழைச்சுக்கிட்டு வாங்களேன் சித்தப்பா" என்றேன். "அக்கா சொல்லட்டும்மா" என்றார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் அவர் போய்ச் சேர்ந்த பிறகும் முழுதாகத் தீரவில்லை.

ஒரு நாள் விடிகாலையில் அத்தை எங்கிருந்தோ கல்யாண முருங்கைத் தழை ஒரு கை ஒடித்து வந்தாள். அந்த வறட்சியில் அது தங்கம். நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். "சாமி, என் ராசா, ஒரு வாய் தின்னு" என்று கிடாவின் வாயருகே நீட்டினாள். கிடா முகத்தைத் திருப்பிக்கொண்டது. தலையை ஆட்டி ஆட்டி, கால் பின்னப் பின்ன வேலிக்குப் போனது. காட்டாமணக்குக் குச்சியில் தழைத்திருந்த இலையைக் கவ்வி இழுத்து மென்றது. கள்ளுக்கடைக்குப் போகிறவன் வீட்டுச் சோற்றைத் தள்ளிவிட்டுப் போகிற மாதிரிதான் இருந்தது. கிடாவுக்கு எட்டுகிற உயரத்தில் வேலியில் வேறு இலையே மிச்சமில்லை என்பதை நானும் அப்போதுதான் கவனித்தேன்.

அத்தை தழையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வேலிக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். வேர் விட்ட குச்சிகள், லேசில் வரவில்லை. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அம்மா ஓடிவந்து பிடித்தும் விடவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி, மறுபடி தழைத்துவிடக்கூடாது என்று வெயிலில் பரப்பினாள். கிடா பிழைக்கவில்லை. அதை அத்தையே குழி வெட்டிப் புதைத்தாள். மற்ற ஆடுகள் தப்பின.

உண்மை தெரிந்தால் உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் அந்த வயதில் நினைத்திருந்தோம் அல்லவா? அப்படி ஒன்றும் ஆகவில்லை. சித்தி சொன்னதுதான் நடந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் பேசவில்லை. அத்தை சந்தைக்குப் போனாள், வந்தாள், ஆணிப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். போய் அழைத்தால் தப்பு தன்னுடையது என்றாகிவிடும். அத்தைக்கு அந்த ஒரு சொல் வாயில் வராது. ஆவணி தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் பேசியவள் என் அம்மா. அதுவரை அத்தையிடம் 'சரிங்க' தவிர வேறொன்றும் சொல்லி நான் கேட்டதில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. எனக்கு ஆடி வந்தப்ப நீங்கதான் சிறுவாச்சூரு வரைக்கும் வந்து அழைச்சீங்க. ஒங்களுக்கு ஆடி வந்தப்பதான் யாரும் வந்து அழைக்கல. அதுக்காவ அவளும் அப்படியே கெடக்கணுமா?"

அத்தை ஏன் கல்யாணமாகித் திரும்பி வந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆடிக்கு வந்த பெண், அவ்வளவுதான். எந்த ஆவணியிலும் யாரும் வரவில்லை. அத்தை தட்டைத் தள்ளவில்லை, கத்தவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "காலையில வெரசா கெளம்பணும். புள்ளைய எழுப்பி வுடு, எனக்குத் தொணைக்கு வரட்டும்" என்றாள்.

அரியலூர் போய் பஸ் ஏறினோம். அத்தை ஆணியிலிருந்த கூடையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். முடியாத கூடை, சுற்றிலும் ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவரையெல்லாம் குத்தியது. "என்ன இது முள்ளம்பன்னி மாதிரி?" என்றார் கண்டக்டர். "எங்க வூட்டுப் பொண்ணு பின்னுனது" என்றாள் அத்தை, வெடுக்கென்று. விருத்தாசலத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தோம். நெய்வேலி வந்ததும் நான் எழுந்துவிட்டேன். அத்தை என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "இது அவ ஊரு இல்ல, ஒக்காரு" என்றாள். அவளுக்கு எப்போதுமே தெரிந்திருந்தது.

குறிஞ்சிப்பாடிக்கு அப்புறம் ஒரு மண்சாலையில் நடந்தோம். பெரிய ஏரி. கரை நெடுக அதே செடி, அதே கத்தரிப்பூ நிறம். ஒரு பெண் விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். அத்தை நின்று கேட்டாள்.

"இதுக்கு இங்க என்னா பேரும்மா?"

"மேக்கத்திச் செடிங்க."

"ஏன் அப்படி?"

"மேக்கேருந்து வந்துச்சாம், அரியலூரு பக்கத்துலேருந்து. எங்க ஏரியவே கெடுத்துப்புடுச்சு. நீங்க எந்தூருங்க?"

அத்தை அந்தச் செடியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு "அரியலூரு பக்கந்தான்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் ஒன்றும் தப்பாக நினைக்காமல் சிரித்து வழி காட்டினாள்.

சித்தியின் வீட்டு வேலிப்படல் சாத்தியிருந்தது. அத்தை வெளியிலேயே நின்றாள். எப்படிக் கூப்பிடுவது? நெய்வேலி என்றால் அங்கே யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு ஆடுகளுக்கு மட்டும் வைத்திருந்த அந்தக் குழைந்த குரலில் கூப்பிட்டாள்.

"கஸ்தூரி! ஏ, கஸ்தூரி!"

கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பார்த்த பேர் அது. எங்கள் வீட்டு வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. தன் அம்மாதான் கொல்லையிலிருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்ததாகச் சித்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். உள்ளேயிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ஓடிவருகிற கொலுசுச் சத்தம் கேட்டது.

"இந்தா வந்துட்டேம்மா!"

தம்பிகளுக்கு அக்கா, எனக்கு அத்தை, வந்தவர்களுக்கு அண்ணி. அதுவரைக்கும் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அத்தை படலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா" என்றாள்.